மனோதர்மம்

சிம்பொனி இசைக்குழுவில் இருபது வருஷம் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்தே ஓபோ குழல் ஊதியவர், அந்த வேலையை உதறிவிட்டு ஜாஸ் பக்கம் வந்தார். "எழுதி வெச்சதை ஒப்பிக்கிறது கிளிப்பிள்ளை வேலை. எனக்கு அந்தந்த நேரத்துல தோணணும்" என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார். ரசிகர்கள் சொக்கிப்போனார்கள்.

அன்று தன் குழுவினர் பின்னணி வாசிக்க அவர் ஊதி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவரோ தலைகுனிந்தபடி ஒப்பனை அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பியானோக்காரன் தயங்கித் தயங்கி வந்தான். "மன்னிச்சிடுங்கண்ணே. இன்னிக்கு உங்களோட சேர்ந்து வர முடியாம நாங்க தடுமாறிட்டோம்."

"ஜாஸ்னா அப்படித்தாம்பா. என்ன வரும்னு முன்கூட்டியே தெரியுமா?"

"இத்தனை நாளும் தெரியுமேண்ணே." அவன் தரையைப் பார்த்தான். "நீங்க வீட்டுல எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வர்றது முதல் மாசமே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. எந்த ஊர்ல வாசிச்சாலும் இம்மி பிசகாம அதேதான் வரும். உங்க மனசு நோகக் கூடாதுன்னு, புதுசாக் கேக்கிற மாதிரியே நாங்களும் வாசிச்சோம். இன்னிக்கு ஏண்ணே மாத்தினீங்க?"

அவர் முகம் தொங்கிப்போனது. துடைத்த குழலையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"மாத்தலப்பா," என்றார் கடைசியில். "பாதியில மறந்துபோச்சு. வாய்க்கு வந்ததை ஊதிட்டேன்."