பாப்பா தூங்கும் கார்

வீட்டுக் காரை ரேஸ் மைதானத்தில் ஓட்டிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஷெட் அலமாரியில் வைத்துவிட்டு, விறைப்பான புது ஸ்பிரிங்குகளையும் ரேஸ் பிரேக்கையும் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் திரும்பி வந்தது. முன்சக்கரத்தின் புது ஸ்பிரிங்குக்குத் தலைகால் புரியவில்லை.

“பதினோரு வளைவு! ஒண்ணுலகூட வண்டியைச் சாய விடலையே நான்!”

“சூடேறினதும் நான் பிடிச்ச பிடி இருக்கே!” என்றது பிரேக்.

“அப்பா பத்திரமா வந்துட்டாரே, அது போதும். நானா இருந்தா அந்த வேகத்துல ஆடிப்போயிருப்பேன்” என்றது அலமாரியிலிருந்த பழைய ஸ்பிரிங்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பாப்பா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். தெருமுனையில் வேகத்தடை. அப்பா மிதித்தும், சூடேறாத பிரேக் தாமதமாகத்தான் பிடித்தது. புது ஸ்பிரிங் வளைந்தே கொடுக்கவில்லை. கார் தூக்கிப்போட்டதில் பாப்பா அலறி எழுந்தாள். வீடு வந்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

அன்று இரவு ஷெட்டில் புது ஸ்பிரிங் அலமாரியிலிருந்த பழைய ஸ்பிரிங்கிடம் மெல்லக் கேட்டது.

“அண்ணே, அந்த வேகத்தடையில நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல தம்பி. கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பேன்.”

“எனக்கு அது வராதே.”

“வராததாலதானே நேத்து அப்பாவைப் பத்திரமா கூட்டிட்டு வந்தே.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அப்பா ஜாக்கியோடு வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். கார் கிளம்பும்போது அலமாரியிலிருந்து புது ஸ்பிரிங் கூப்பிட்டது.

“அண்ணே, பாப்பா முழிக்காம வந்தாளான்னு சாயங்காலம் மறக்காம சொல்லுங்க.”