கரைத்துக் குடித்தவர்

“போச்சு! என் பொழப்புக்கு நானே உலை வச்சுட்டேன்!”

வெளியீட்டு விழா மண்டபத்தின் பின்பக்கம் புத்தகக் கட்டைப் பிரித்த பைண்டர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

துணி ஆலை அதிபர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. அவரே எழுதியது. பேச்சாளருக்கென்று தனியாக எடுத்து வைத்த பிரதி இங்கேயே கிடக்கிறது. அப்படியானால் போன வாரம் பேச்சாளர் வீட்டுக்குப் போனது டம்மி! அட்டை சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, வெள்ளைத்தாளை அடுக்கித் தைத்தது. மேலே பளபளவென்று அதே அட்டை. உள்ளே ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

அச்சக முதலாளிக்கு முகம் கறுத்தது.

“யோவ், பேசப்போறது யாருன்னு தெரியுமா? எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கரைச்சுக் குடிச்சுட்டு வர்றவரு. மேடையில அதை விரிச்சாருன்னா, நாளையிலேர்ந்து நீ அச்சகம் பக்கமே தலை காட்டாதே.”

“ஒரு வாரமா கையில வச்சிருக்காரே முதலாளி! ஒரு தடவை திறந்திருந்தாக்கூடக் கூப்பிட்டுத் திட்டியிருப்பாரே?”

“வாயை மூடிட்டுப் போய் மாத்திட்டு வா.”

பைண்டர் நல்ல பிரதியோடு மேடையை நெருங்குவதற்குள் கரைத்துக் குடித்தவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“இந்தப் புத்தகத்தை வரி வரியாப் படிச்சேன்! எழுதினதை மட்டுமில்லை, எழுதாததையும் படிச்சேன்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

‘கடைசியாச் சொன்னது மட்டும் நெசம்’ என்று பைண்டர் பல்லைக் கடித்தார். அவர் புத்தகம் படிக்கிறவர் இல்லை, மடிக்கிறவர். ஆனால் படித்ததாக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

“ஒரு இடத்தை உங்களுக்கு வாசிச்சுக் காட்டாம எனக்கு மனசு ஆறாது!”

புத்தகத்தை விரித்தவர், விரித்தபடியே நின்றார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கரைத்துக் குடித்தவர் தொண்டையைச் செருமினார்.

“‘வீட்டில் விளக்கெரிக்க வழியில்லை. காய்ந்த வயிற்றோடு தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படித்தேன். என் கண்ணீர் விழுந்து எழுத்தெல்லாம் அழிந்தது...’”

மண்டபமே மூக்கை உறிஞ்சியது.

முன்வரிசையில் ஆலை அதிபரின் அம்மா மருமகள் பக்கம் சாய்ந்தாள். “யாரைடி சொல்றாரு? இவன் படிக்க உட்கார்ந்தா, விசிறி விடவே தனியா ஆள் வச்சிருந்தோமே!”

“சும்மா இருங்க அத்தை, எல்லாரும் பார்க்கிறாங்க.”

கூட்டம் முடிந்ததும் ஆலை அதிபர் நேராகப் பைண்டரும் முதலாளியும் நின்ற இடத்துக்கு வந்தார். பைண்டருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஆசை ஆசையாக எழுதின மனுஷன். வேலை போனால் போகட்டும்.

“ஐயா, நீங்க மன்னிக்கணும். அவரு வாசிச்சாரே, அது உங்க புத்தகத்துல...”

“அதைத்தான்யா நானும் சொல்ல வந்தேன்!” ஆலை அதிபர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “என் புத்தகத்துக்கே அதுதான்யா உயிர். அந்தத் தெருவிளக்கு இடத்தை எழுதுறப்போ மூணு ராத்திரி நான் தூங்கவே இல்லை!”