மூன்றாவது ஓலைக்கு முன்

மதியக் காட்சியின் நீல ஒளி லூர்துசெல்வியின் ஈரக் கன்னத்தில் அசைகிறது. திரையில், தன்னை மறுத்த பெண்ணின் வீட்டு வாசலில் நாயகன் தன் கழுத்திலேயே கத்தியை வைத்து நிற்கிறான்; அரங்கம் விசிலடிக்கிறது. பக்கத்து இருக்கையில் மகள் மெரின் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையாக நிச்சயிக்கப்பட்ட ஜெரினும் இப்படி மிரட்டித்தான் அவளிடம் சம்மதம் வாங்கினான். அதைச் சொல்ல வாய் வராமல், பார்த்தாவது புரியட்டும் என்று அம்மாவை இந்தப் படத்துக்கு அழைத்து வந்திருக்கிறாள். ஞாயிறன்று உப்பளம் மாதா கோயிலில், இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று ஊரறியக் கேட்கும் மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் எதையும் நிறுத்த முடியாது. “பாவம்டி, எம்மாம் ஆசை பாரு! நம்ம ஜெரின் மாதிரியே,” என்று மூக்கை உறிஞ்சுகிறாள் லூர்துசெல்வி. “பயமா இருக்கும்மா,” என்கிறாள் மெரின். “படந்தானடி, லூசு!” திரையிலிருந்து கண்ணெடுக்காமல், மகளின் சில்லிட்ட விரல்களைத் தாய் தன் மடியில் பொத்திக்கொள்கிறாள்.