மீதமிருந்த நான்கு பார்கள்

செத்த பிறகும் நான்கு பார்களில் குடித்த ஒரே ஆள் எங்கள் செண்பகராமன்தான், ஊற்றிவிட்டவனே நான்! ரிட்டையர் ஆனவர்கள் மாதம் ஒருநாள் பார் பாராக ஏறி இறங்குவோம். பாருக்கு ஒரு கிளாஸ், யாருக்கும் விலக்கில்லை. குடியை விட்டிருந்த செண்பகராமன் அன்று வெறும் பேச்சுத்துணைக்கு வந்து, இரண்டாவது பாரில் சோடாவைப் பிடித்தபடியே செத்துப்போனான். முறையை விடலாமா? ஆளுக்கொரு தோளாகத் தாங்கிக்கொண்டோம். உயிரோடிருந்தபோதுகூட அவன் அவ்வளவு நேராக நடந்ததில்லை. மீதமிருந்த நான்கு பார்களிலும் வாயைத் திறந்து அவன் பங்கை ஊற்றினேன். சாயங்காலம் வீட்டில் கிடத்தி, "குடிச்சே போயிட்டான் தங்கச்சி" என்றேன்.

"இருக்காதுண்ணே. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணவரு" என்று கதறினாள் அவன் மனைவி கோமதி. குனிந்து அவன் வாயை முகர்ந்தாள். அழுகை நின்றது.

"குடிச்சிருக்காருண்ணே" என்றாள்.