கரையில் நின்ற மண்வெட்டி

"பேசாம கரையில மண்வெட்டியக் குத்திட்டு உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பு, ஃபென்னா. ஒண்டிப் பொம்பள, இன்னும் எத்தன நாளைக்கு மல்லுக்கட்டுவ?"

அவள் ஊற்றிக் கொடுத்த மோர்க்கஞ்சியை வழித்துக் குடித்துக்கொண்டே சொன்னார் ரெமெர்ட். செத்துப்போன தம்பியின் மனைவி அவள். கிறிஸ்துமஸ் ராத்திரி வந்த வெள்ளத்தில் எம்டன் துறைமுகத்தைச் சுற்றிப் பல ஊர்களில் கடல் புகுந்திருந்தது. அவள் நிலத்துக்கு முன்னால் கடலைத் தடுத்து நின்ற மண்கரையும் உடைந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அவரவர் நிலத்துக்கு முன்னாலுள்ள கரையை அவரவர்தான் கட்ட வேண்டும். முடியாதவர் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு, நிலம் வீடு எல்லாவற்றையும் விட்டு வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலம் சொந்தம். கரையைக் கட்டும் பாரமும் அவன் தலையில். பழைய சொந்தக்காரரின் வீட்டார் அப்புறம் உரிமை கேட்டு வாய் திறக்க முடியாது. அந்தக் கடலோரத்தின் சட்டம் அது.

ரெமெர்ட்டுக்கு வெகுநாளாக அந்த நிலத்தின்மேல் ஒரு கண். ஃபென்னா மறுகல்யாணம் செய்துகொண்டால் நிலம் அண்ணனுக்கு என்று பாதிரியார் முன்னால் சொல்லிவிட்டுத்தான் தம்பி கண்ணை மூடினான். ஆனால் இந்த மகராசி கல்யாணப் பேச்சையே எடுக்கக் காணோம். இவரும் எத்தனை வருஷம்தான் காத்திருப்பார்?

"விட்டுட்டுப் போனா ஊர் சிரிக்காதா மாமா?" என்றாள் ஃபென்னா.

"கடல் அடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ? எவன் பேசுவான்? நான் இருக்கேன்ல."

அவள் சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் கரை நாட்டாமை முன்னிலையில், ஊரே கூடி நிற்க, நேர்க்காம்பு மண்வெட்டியை உடைப்பின் ஓரத்தில் ஓங்கிக் குத்திவிட்டு இறங்கினாள். எடுப்பவர் உண்டா என்று நாட்டாமை கேட்டார். ரெமெர்ட் அசையவில்லை. உடனே பாய்ந்தால் தம்பி பெண்டாட்டியை விரட்டிவிட்டான் என்று பேச்சு வரும். நாலு நாள் போகட்டும், உடைப்புக்குப் பயந்து ஊர் வந்து கெஞ்சட்டும், அப்புறம் பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொள்ளலாம். வேறு எவனுக்கு அந்த உடைப்பை அடைக்க வக்கிருக்கிறது?

அந்த நேரம் பார்த்து, ஃபென்னாவின் பண்ணையாள் வியார்ட் விறுவிறுவென்று மேலேறி மண்வெட்டியைப் பிடுங்கினான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரெமெர்ட்டுக்குத்தான் பகீரென்றது. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டார். மாற்றுச் சட்டைக்கே வழியில்லாத பயல். சீக்கிரமே அவனும் குத்திவிட்டு ஓடிவிடுவான்.

அவன் ஓடவில்லை. எம்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவனுடைய அண்ணன் தம்பிகள் படகு படகாகக் களிமண்ணோடு வந்து இறங்கினார்கள். கூலிக்குக் கூப்பிட்டால்கூட இந்தப் பக்கம் வராதவர்கள், உடன்பிறந்தவன் நிலம் என்றதும் மாடாய் உழைத்தார்கள். உடைப்பு அடைபட்டுக்கொண்டே வந்தது.

வயிற்றெரிச்சலோடு வேடிக்கை பார்க்கப் போன ரெமெர்ட், களிமண் கூடையோடு கரையேறிக்கொண்டிருந்த ஃபென்னாவைக் கண்டு நின்றார்.

"நீ இன்னும் அப்பா வீட்டுக்குப் போகலயா? நிலம்தான் கைவிட்டுப் போயிடுச்சே, உனக்கு இங்க என்ன வேல?"

ஃபென்னா கூடையை இறக்கிவைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம எனக்கும் வியார்டுக்கும் கல்யாணம், நீங்க அவசியம் வந்துடணும் மாமா. கல்யாணம் பண்ணிக்கிட்டா நிலம் உங்க கைக்குப் போயிடுமேன்னு, இத்தன வருஷமா நாங்க ரெண்டு பேரும் வழி தெரியாமத் தவிச்சுக்கிட்டு இருந்தோம். நீங்கதான் வீடு தேடி வந்து, மண்வெட்டியக் குத்துன்னு வழி சொன்னீங்க."