வலி தாங்கும் ஆட்கள்

பிரசவ வலியில் துடித்த அபேனா மூன்றாம் முறை மணியடித்த பிறகுதான் ஜெர்மனியின் ஹம்பேர்க் ஆஸ்பத்திரித் தாதி எட்டிப் பார்த்தாள்.

“கறுப்புப் பெண்கள் நன்றாக வலி தாங்குவார்களே. இன்னும் நேரமிருக்கிறது,” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை வருது,” என்று புருஷன் நிதுசனிடம், அவன் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத் தமிழிலேயே முனகினாள் அந்தக் கானா நாட்டுக்காரி. “ஆரையாவது இழுத்துக்கொண்டு வாங்கோ.”

வெளியே ஓடிய நிதுசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று நடைக்கூடத்தின் நடுவில் விழுந்தான். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு டாக்டர்களும் அதே தாதியும் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார்கள்.

“எங்கே வலிக்கிறது?” என்று பதறினார் பெரிய டாக்டர்.

நிதுசன் ஒற்றைக் கண்ணைத் திறந்து அறைப் பக்கம் கை காட்டினான்.

“அங்கை, என்ர மனிசிக்கு. பிள்ளையின்ர தலை தெரியுது, ஓடுங்கோ.”