உள்ளே பேச்சு நடக்கிறது

சுகந்தியின் வயிற்றில் கருவை வைத்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இனிமே கருவும் கர்ப்பப்பையும் சேதி அனுப்பிப் பேசிக்கணும். பேச்சு கூடிவந்தாத்தான் கரு ஒட்டும்." போன முறை கூடிவரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவன் இளம்பரிதி டிவியை அணைத்தான். குக்கரைத் தொடாமல் சோறு வடித்து, அவள் காதோரம் வந்து சாப்பிடக் கூப்பிட்டான்.

"ஏன்ப்பா கிசுகிசுக்கிற?"

"உள்ள பேசிக்கிட்டிருக்காங்கல்ல."

"லூசு! அது காதுல கேக்குற பேச்சா?"

"இல்லன்னு டாக்டரம்மா சொல்லலயே."

தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி அலறியது. அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். சுகந்தி பால்கனிக்கு வந்தாள். அவன் வியாபாரியின் காதோடு ஏதோ சொல்ல, அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தூங்கும் பிள்ளையைக் கடப்பவர்போல வண்டியை மெல்ல உருட்டிப் போனார்.

சுகந்திக்குச் சிரிப்பு பொங்கியது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.